பழி இறங்கும் பாதை: தாண்டிக்குடி முதல் டபரா வரை

முதல் நாள், தாண்டிக்குடி

காபி வாயில் வைக்க விளங்கவில்லை என்றால் வீட்டில் பொடியைத் திட்டுவார்கள். பொடிக்கடைக்காரர் கொட்டையைச் சொல்வார். கொட்டையைச் சுத்தம் செய்து தரும் ஆலையில் தோட்டத்தைக் கைகாட்டுவார்கள். தோட்டத்தில் கேட்டால் மழை. இந்த ஐந்து நாள் பயணம் அந்தப் பழியின் பாதையிலேயே, மேலிருந்து கீழே இறங்குகிறது.

வத்தலக்குண்டிலிருந்து பட்டிவீரன்பட்டி, பெரும்பாறை வழியாக மலைப்பாதை. கொடைக்கானல் கூட்டம் இந்தப் பக்கம் அதிகம் எட்டிப் பார்ப்பதில்லை. முருகன் இங்கிருந்து தாண்டிக் குதித்துப் பழனிக்குப் போனதாக ஊர்ப்பெயருக்குக் கதை சொல்கிறார்கள். காபி வாரியத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையமும் இந்த ஊரில்தான் இருக்கிறது. இந்தியக் காபியில் பெரும்பங்கு கர்நாடகத்துடையது. தமிழ்நாட்டின் பங்கு இருபதில் ஒன்று அளவுக்குத்தான், ஆனால் அதில் பெரும்பகுதி, காபியின் இரு முக்கிய வகைகளில் ஒன்றான அராபிகா.

முதல் முறை வருகிறவர்களுக்குத் தோட்டம் கண்ணிலேயே படாது, காடு மாதிரிதான் இருக்கும். மேலே சில்வர் ஓக், பலா, முள்முருங்கை. அவற்றின் மேல் மிளகுக் கொடி. நடுவில் மலைவாழை, ஆரஞ்சு. எல்லாவற்றுக்கும் அடியில், ஆள் உயரத்துக்குக் கவாத்து செய்த காபிச் செடி. நிழல் அழகுக்காக விட்டதில்லை. அராபிகாவின் பெரிய எதிரி வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்னும் வண்டு. வெயில் படும் தண்டின் பட்டைப் பிளவில்தான் அது முட்டையிட விரும்பும். நிழல் மரத்தை வெட்டிய தோட்டத்தில் துளைப்பான் ஏறும். புழு உள்ளே போய்விட்டால் மருந்து எட்டாது. தண்டில் வளையம் வளையமாக மேடு தெரிந்தால் செடியைப் பிடுங்கி எரிப்பதுதான் வழி. அதற்கு முன்பே, வண்டு பறக்கும் காலத்துக்குள், தண்டின் உதிரும் பட்டையைத் தேங்காய் நாரால் தேய்த்து வழவழப்பாக்கி விடுவார்கள். பிளவு இல்லாவிட்டால் முட்டையிட இடமில்லை.

அடுத்த எதிரி இலைத்துரு. 1869இல் இலங்கையில் தலைகாட்டிய இந்தப் பூசணம் இருபது வருடங்களுக்குள் அங்கிருந்த காபியைத் துடைத்தெடுத்தது. மலையகத்துக்குத் தமிழர்கள் முதலில் போனது தேயிலைக்கு இல்லை, காபிக்கு என்பதை இன்று பலரும் மறந்தாயிற்று. இங்கே இப்போது காவேரி, செலக்‌ஷன் 9, சந்திரகிரி போன்ற ரகங்களை வைக்கிறார்கள். துருவைத் தாங்கும் குணம் ரகத்துக்கு ரகம் வித்தியாசப்படும்.

மார்கழியில் பழம் பறிப்பு மும்முரம். ஒரே கொத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு, கருஞ்சிவப்பு என நான்கும் இருக்கும். சிவந்ததை மட்டும் விரலால் திருகி எடுக்க வேண்டும், அதனால் ஒரே செடிக்கு மூன்று நான்கு முறை திரும்பி வருகிறார்கள். கொத்தோடு உருவினால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் காய்ப்பழம் கலந்துவிடும். காயில் இனிப்பு ஏறியிருக்காது. அதன் கொட்டையை வறுத்தால் வெளிறி நிற்கும், டம்ளரில் பச்சைக் கடலை வாசனை அடிக்கும். குப்பென்று ஒரு புல்வாடையோடு வரும் காபிக்கு மூலம் இந்த இடம். எந்த ஃபில்டரும் அதைச் சரிசெய்யாது.

பறித்த அன்றே பல்பரில் போட்டுத் தோலெடுக்க வேண்டும். அதற்கு முன் தொட்டித் தண்ணீரில் கொட்டி, மிதக்கும் பழத்தை வாரி ஒதுக்குகிறார்கள். பூச்சி குடைந்ததும் பாதி காய்ந்ததும் மிதக்கும். பல்பரின் இடைவெளி கொஞ்சம் இறுகிவிட்டால் கொட்டை நசுங்கும். நசுங்கிய இடத்தில் புளிப்பு ஏறி, அந்த ஒரு கொட்டை ஒரு டம்ளரையே கெடுக்கும்.

தோல் போன கொட்டை மேல் வழுவழுவென்று ஒரு பசை இருக்கும். தண்ணீர் வடித்து, தொட்டியில் குவித்து மூடினால் தானாகப் புளித்துக் கரையும். அராபிகாவுக்கு 24 முதல் 36 மணி நேரம். குளிர் கூடினால் நேரமும் கூடும், கடிகாரத்தை நம்பக் கூடாது. ஒரு கைப்பிடி அள்ளிக் கழுவித் தேய்த்துப் பார்க்கிறார்கள்: வழுக்கினால் இன்னும் ஆகவில்லை, கூழாங்கல் மாதிரி கரகரவென்று உரசினால் ஆயிற்று. குவியலில் குச்சியைச் செருகி உருவினால் துளை மூடாமல் நிற்க வேண்டும். அதையும் தாண்டி விட்டுவிட்டால் அழுகல் நாற்றம். இந்தக் கொட்டைக்குத் தொழிலில் ‘ஸ்டிங்கர்’ என்று பெயர்.

கழுவியதைக் களத்தில் பரப்பி, அரை மணிக்கொரு முறை கிளறி, ஈரம் 10 சதவீதத்துக்கு வரும்வரை காயவைக்க வேண்டும். நல்ல வெயிலில் 7 முதல் 10 நாள். தாண்டிக்குடி இருக்கும் கீழ்ப்பழனி மலையின் தலைவலியே இங்கேதான். வடகிழக்குப் பருவமழையின் வாலும் பறிப்பும் ஒன்றாக வரும். காலையில் விரித்து, மேகம் கறுத்ததும் தார்ப்பாய் இழுத்து, மறுபடி விரித்து என்று பதினைந்து நாள்கூட இழுக்கும். முடியாதவர்கள் தோலெடுக்காமல் பழமாகவே காயவைத்து ‘செரி’ என்று விற்கிறார்கள். விலை குறைவு. மழை மேல் போடும் பழியில் நியாயம் இல்லாமல் இல்லை.

இரண்டாம் நாள், பட்டிவீரன்பட்டி

மலையடிவாரத்தில் காபி வியாபாரத்துக்கென்றே வளர்ந்த ஊர். நீதிக்கட்சித் தலைவர்களில் ஒருவரான டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார் இந்த ஊர்க்காரர். சென்னைப் பாண்டி பஜாருக்கு அவர் பெயர்தான்.

கொட்டையைச் சுத்தம் செய்து தரம் பிரிக்கும் க்யூரிங் ஆலைக்கு வரும் சரக்கின் மேல் வெளிறிய, காகிதம் போன்ற ஓடு இருக்கும். அதனால்தான் பெயர் பார்ச்மென்ட். முதல் சோதனைக்குக் கருவி பல்தான். கடித்தால் பல் பதியக் கூடாது, டக்கென்று உடைய வேண்டும். பல் பதிந்தால் ஈரம். அந்த மூட்டையை அடுக்கினால் பூசணம் பிடித்து, பழைய சாக்கு வாசனை கொட்டைக்குள் ஏறும். அளவுப் படியில் எடைபோட்டு, அடுத்தடுத்த நாளில் எடை மாறாமல் நின்றால்தான் காய்ந்ததாகக் கணக்கு.

ஓட்டை உரித்து, மெருகேற்றி, சல்லடையில் ஏற்றுகிறார்கள். தரம் என்று பொடிக்கடைப் பலகையில் எழுதியிருப்பதெல்லாம் இந்தச் சல்லடைக் கணக்குதான். 7.10 மில்லிமீட்டர் ஓட்டையில் நிற்பது ப்ளாண்டேஷன் ஏஏ. 6.65இல் நிற்பது ஏ. 6.00 என்றால் பி. அதற்கும் கீழே சி. ‘ப்ளாண்டேஷன்’ என்றால் தோலெடுத்துக் கழுவிய அராபிகா, அவ்வளவே. அது ஏதோ ஒரு தோட்டத்தின் பெயர் என்று நினைத்துக்கொண்டு கேட்பவர்கள் நிறைய. கறுத்தது, பழுப்பானது, உடைந்தது மூன்றும் சேர்ந்தது பி.பி.பி. மலிவுப் பொடிகளின் மர்மம் பலவும் இதில் அடங்கும்.

பழத்துக்குள் வழக்கமாக இரண்டு கொட்டை தட்டை முகத்தோடு முகம் ஒட்டிக்கொண்டு இருக்கும். ஒன்று வளராமல் போனால் மற்றது உருண்டையாகத் தனியே வளரும். அதுதான் பீபெரி. மொத்தத்தில் சிறு பங்குதான் தேறும் என்பதால் விலை கூடுதல். அதற்குத் தனிச் சுவை என்று சத்தியம் செய்பவர்கள் உண்டு. உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று: உருண்டையாக இருப்பதால் வறுக்கும் உருளையில் நன்றாகப் புரண்டு, நிறம் சீராக ஏறும். பழைய விறகடுப்பு வறுவலில் இது பெரிய வித்தியாசம். இன்றைய நல்ல எந்திரத்தில் அவ்வளவு இல்லை. இரண்டு மடங்கு பணம் கேட்டால் ஏ தரத்தை வாங்கிக்கொள்ளலாம்.

கணக்கும் இங்கேயே போட்டுவிடலாம். 100 கிலோ பழத்துக்கு 20 கிலோ பார்ச்மென்ட், அதிலிருந்து 16 கிலோ சுத்தக் கொட்டை. வறுத்தால் ஆறில் ஒரு பங்கு எடை ஆவியாகும். ஆக ஒரு கிலோ காபித்தூளுக்கு ஏழரை கிலோ பழம். காலை டம்ளர் ஒன்றுக்கு, பத்து கிராம் தூள் என்று வைத்தால், 75 கிராம் பழம், ஒரு கைப்பிடி.

மூன்றாம் நாள், திண்டுக்கல் வழியாகக் கும்பகோணம்

இது பயண நாள், எழுத அதிகம் இல்லை. பேருந்து நிலையக் கடைகளில் ஃபில்டர் கிடையாது. பித்தளைப் பாய்லர், துணிப்பை, அதில் தூள், மேலே கொதிநீர். சில பாய்லரில் காசு ஒன்று போட்டிருப்பார்கள், கொதிக்கும்போது டகடகவென்று சத்தம் கொடுக்கும். துணிப்பையில் தவறில்லை. பத்து மணிக்குப் போட்ட தூளின் மேலேயே பன்னிரண்டு மணி வரை தண்ணீர் ஊற்றுவதுதான் தவறு. முதல் வடிப்பில் மணமும் இனிப்பும் இறங்கிவிடும். பிறகு இறங்குவதெல்லாம் கசப்பும் மரச்சுவையும்தான். காலை முதல் வடிப்பு நேரத்தில் கிடைத்தால் குடிக்கலாம். மதியத்துக்கு மேல் அங்கே டீதான் உத்தமம்.

நான்காம் நாள், கும்பகோணம்

காலை ஆறு மணி. கோயில் வாசல்களில் மார்கழிக் கோலம், தெருவில் வறுவல் புகை. ஊருக்கு வெளியே நெடுஞ்சாலை நெடுக ‘கும்பகோணம் டிகிரி காபி’ பலகைகள் எத்தனையோ, ஊருக்குள் அந்தப் பெயரை யாரும் பெரிதாக எழுதி வைப்பதில்லை. ‘டிகிரி’ எங்கிருந்து வந்தது என்பதற்கு விளக்கம் பல. பாலின் அடர்த்தியை அளக்கும் கருவியின் டிகிரி என்பது ஒன்று, சிக்கரி திரிந்து டிகிரி ஆனது என்பது இன்னொன்று. முதல் விளக்கம்தான் ஊரில் செல்லுபடியாகிறது.

அந்தக் கருவி லாக்டோமீட்டர். நல்ல பசும்பாலில் 26க்கும் 32க்கும் நடுவே நிற்கும். தண்ணீர் கலந்தால் இறங்கும். ஆனால் ஆடையை எடுத்துவிட்டால் ஏறும், ஏனென்றால் கொழுப்பு தண்ணீரைவிட லேசு. ஆக, ஆடையைக் கொஞ்சம் எடுத்துத் தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றினால் கருவி பழைய இடத்திலேயே நிற்கும். டிகிரி பார்த்து மட்டும் பால் வாங்கினால் ஏமாறலாம். நாக்கும் சேர்ந்து பார்க்க வேண்டும்.

வறுக்கும் கடை. உருளை சுற்றுகிறது. பச்சைக் கொட்டை முதலில் மஞ்சளாகும், வைக்கோல் வாசனை. பிறகு பழுப்பு, ரொட்டி வாசனை. 200 டிகிரியை ஒட்டி படபடவென்று பொரிகிற சத்தம். இங்கேயே நிறுத்தினால் புளிப்பு மிச்சமிருக்கும், பாலோடு ஒத்துப்போகாது. இரண்டாவது சத்தம் மெல்லச் சடசடக்கத் தொடங்கும் முன்னே, கருஞ்சிவப்பு மங்கும் நேரத்தில் தட்டில் கொட்டிக் காற்றடிக்க வேண்டும். உருளைக்குள் விட்டுவிட்டால் தன் சூட்டிலேயே கருகும். எண்ணெய் மினுமினுக்கும் கொட்டையைப் பார்த்து ‘ஸ்ட்ராங்’ என்று மயங்க வேண்டாம். மேலே வந்த எண்ணெய் சீக்கிரம் காறும்.

அரைவை: தொட்டால் மைதா போல வழுக்கக் கூடாது, ரவை போலவும் இருக்கக் கூடாது. பொடி உப்புப் பதம். எந்திரத்தின் அரைக்கும் தட்டு தேய்ந்துபோனால் மாவும் குருணையுமாக இரண்டும் சேர்ந்து விழும். மாவு கசப்பைத் தரும், குருணை தண்ணியாக வடியும். ஒரே டம்ளரில் கசப்பும் சப்பும் சேர்ந்து வந்தால் சந்தேகம் அந்தத் தட்டின் மேல் போக வேண்டும். அரைத்த தூள் சூடாக இருக்கும்போதே பொட்டலம் கட்டினால் உள்ளே வேர்க்கும். ஆறவிட்டு வாங்குங்கள்.

சிக்கரி பற்றி இரண்டு கட்சிகள் உண்டு, இரண்டும் கத்தும். அது ஒரு கிழங்கு வேர், குஜராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் விளைகிறது, வறுத்துப் பொடித்து அரைவைக்குப் பிறகு கலக்கிறார்கள். கஃபீன் கிடையாது. தண்ணீரில் கரையும் பொருள் காபியைவிட இரண்டு பங்குக்கும் மேல், அதனால்தான் டிகாக்‌ஷனுக்குக் கறுப்பும் கெட்டியும். பால் ஊற்றியும் நிறம் நிற்க 15 முதல் 20 சதவீதம் போதும். 30ஐத் தாண்டினால் வெல்லப்பாகு வாசனை காபியை அமுக்கும், ஈரம் இழுத்துத் தூள் கட்டியாகும், ஃபில்டர் அடைக்கும். சட்டப்படி கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, விகிதத்தைப் பொட்டலத்தில் அச்சிட்டிருக்க வேண்டும். கடையில் சொல்லும்போது ஒரு நுணுக்கம்: ‘கிலோவுக்கு 200 சிக்கரி’ என்றால் சிலர் 800 காபியோடு 200 சேர்ப்பார்கள், சிலர் முழுக் கிலோ காபியின் மேல் 200 சேர்ப்பார்கள். முன்னது 20 சதவீதம், பின்னது 17க்குக் கீழே. அடுத்த முறை வேறு கடையில் வாங்கி ‘சுவை மாறிவிட்டது’ என்று சொல்லும் முன் இதைக் கேட்டுக்கொள்ளலாம்.

சாயங்காலம் பாத்திரக்கடை. பித்தளை ஃபில்டர் வாங்குகிறவர்கள் உள்பக்கத்தைப் பார்க்க வேண்டும். ஈயம், அதாவது வெள்ளீயம், பூசியிருக்க வேண்டும். டிகாக்‌ஷனில் லேசான அமிலம் உண்டு, வெறும் பித்தளையில் நின்றால் உலோகச் சுவை ஏறும். உள்ளே மஞ்சள் தெரியத் தொடங்கினால் மறுபடி பூசக் கொடுக்கும் நேரம். அதற்கெல்லாம் ஆளில்லாத ஊரில் எவர்சில்வரே மேல், சுவையில் குறையொன்றும் இல்லை.

ஐந்தாம் நாள், சென்னை, ஒரு சமையலறை

பழி கடைசியாக இறங்குகிற இடம். நான்கு டம்ளருக்கு 40 கிராம் தூள், குவியலாக ஐந்தாறு மேசைக்கரண்டி. ஒரு முறை தராசில் நிறுத்துவிட்டு, அந்த அளவு எந்தக் கரண்டியில் எத்தனை என்று தெரிந்துகொண்டால் பிறகு தராசு வேண்டாம். தண்ணீர் 200 மில்லி. தூள் தன் எடையைப் போல இரண்டு மடங்கு நீரைக் குடித்து வைத்துக்கொள்ளும், கீழே இறங்குவது 120. டம்ளருக்கு 30 மில்லி டிகாக்‌ஷன், 90 முதல் 100 மில்லி பால்.

மேல் பாத்திரத்தைக் கொதிநீரில் அலம்பித் துடைத்துத் தூளைப் போட்டு, பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டிச் சமன் செய்ய வேண்டும். குடையை, அதாவது காம்பு வைத்த ஓட்டைத் தட்டை, மெல்ல வைத்தால் போதும், அமுக்கக் கூடாது. தண்ணீர் தளதளவென்று கொதித்து இறக்கியதும் முதலில் தூள் நனையும் அளவு, இரண்டு கரண்டி. புதிதாக வறுத்த தூள் புஸ்ஸென்று நுரைத்து உப்பும், உள்ளிருக்கும் வாயு வெளியேறுகிறது. அரை நிமிடம் விட்டு மிச்சத்தைக் குடையின் மேல் வட்டமாக ஊற்றி மூட வேண்டும். நுரையே வரவில்லை என்றால் தூள் பழசு. 15 முதல் 20 நிமிடத்தில் இறங்கிவிட வேண்டும்.

ஐந்து நிமிடத்தில் மொத்தமும் இறங்கினால் தூள் குருணை, அல்லது ஃபில்டர் பெரிது தூள் குறைவு. எட்டு டம்ளர் ஃபில்டரில் இரண்டு டம்ளருக்குப் போட்டால் தூள் படுகை மெலிந்து தண்ணீர் ஓடிவிடும். இரண்டு பேர் வீட்டில் சின்ன ஃபில்டர் ஒன்று தனியாக வேண்டும்.

இறங்கவே இல்லையா? சூடு ஆறுமுன் மூன்று சோதனை. முதலில் மேல் பாத்திரத்தைச் சற்றே தூக்கித் திருப்பி வையுங்கள். இரண்டும் இறுகப் பொருந்திவிட்டால் கீழே சிக்கிய காற்று வெளியே போக வழியின்றி டிகாக்‌ஷனைத் தடுக்கும். பாதி வீடுகளில் தூளின் மேல் விழும் பழி உண்மையில் இந்தக் காற்றுடையது. அதற்கும் அசையாவிட்டால் குடையை அமுக்கியிருக்கிறீர்கள், கரண்டிக் காம்பால் லேசாகத் தூக்கிவிடுங்கள். அதற்கும் மசியாவிட்டால் சிக்கரி அதிகம், அல்லது ஓட்டை அடைப்பு.

தண்ணீரையும் சொல்ல வேண்டும். உப்புக் கடுத்த ஆழ்துளைக் கிணற்று நீரில் நல்ல அராபிகாவின் மெல்லிய புளிப்பு அமுங்கி மண்ணாங்கட்டி மாதிரி ஆகும். ஆர்.ஓ. எந்திரம் எல்லா உப்பையும் உருவிவிட்டால் சுவை சரியாக இறங்காமல் சப்பிடும். ஆர்.ஓ. நீரோடு கொஞ்சம் குழாய்க் குடிநீர் கலந்து ஒருநாள் போட்டுப் பார்த்தால் வித்தியாசம் புரியும்.

பால் நிறைகொழுப்பு, 6 சதவீதம். தண்ணீர் சேர்க்காமல், குடிக்கும் நேரத்தில் ஒரே ஒரு கொதி. காலையில் காய்ச்சிய பாலை நாலு மணிக்கு மறுபடி கொதிக்கவிட்டால் வெந்த வாசனை வரும், காபி மணம் அதன் அடியில் காணாமல் போகும். டிகாக்‌ஷனை அடுப்பில் நேரே வைக்கவே வேண்டாம், ஆறியிருந்தால் கிண்ணத்தோடு வெந்நீரில் இரண்டு நிமிடம். பால் திரிந்தால் டிகாக்‌ஷன் மேல் குற்றமில்லை. பால் ஏற்கெனவே புளிக்கத் தொடங்கியிருக்கும், சூடும் காபியின் அமிலமும் சேர்ந்து அதைக் காட்டிக்கொடுக்கின்றன.

டம்ளரில் முதலில் சர்க்கரை, அதன் மேல் டிகாக்‌ஷன், அதன் மேல் பால். டபராவுக்கும் டம்ளருக்குமாக ஒரு முழ உயரத்தில் இரண்டு ஆற்று. சர்க்கரை கரைந்து, நுரை கட்டி, நாக்கு தாங்கும் சூட்டுக்கு வரும். நாலைந்து முறை ஆற்றினால் நுரை கூடும், காபி ஆறிப்போகும். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து ஆற்றும் மீட்டர் காபி கண்ணுக்கு விருந்து, வாய்க்கு வெதுவெதுப்பு.

குடித்து முடித்ததும் மேல் பாத்திரத்தைக் கவிழ்த்து ஒரு தட்டு தட்டினால் தூள் வடை மாதிரி முழுசாக விழ வேண்டும். சொதசொதவென்று ஒழுகினால் அன்றைக்கு மாவு அதிகம். செடித்தொட்டியில் போடலாம். ஃபில்டரைச் சோப்பில்லாமல் வெந்நீரில் கழுவி, மேல் பாத்திரத்தை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பாருங்கள். எல்லா ஓட்டையிலும் வெளிச்சம் வர வேண்டும். வராத இடத்தை, எவர்சில்வராக இருந்தால், அடுப்புச் சுடரில் அரை நிமிடம் காட்டினால் அடைத்த தூள் கருகி உதிரும். ஈயம் பூசிய பித்தளையைச் சுடரில் காட்டிவிடாதீர்கள், பூச்சு உருகிவிடும். அதற்கு ஊசிதான்.